ஸ்கேன் பேப்பரை நம்பி 2,580 வெள்ளி போனது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். என்னை ஏமாற்றிய பட்டறையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் விசாரணைக்குப் போகிறது. பெயர் கேட்டு யாரும் கூப்பிட வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது 1991 மாடல் யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்தா எம்எக்ஸ்-5க்கு ஜப்பானில் வைத்த பெயர் அது. 1.6 லிட்டர் இன்ஜின், இரண்டே சீட்டு, கூரையைக் கையாலேயே மடக்கலாம். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் கார் எதற்கு என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். அது வேறு கதை.

பிரச்சினை இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இருக்காது. ஈப்போ வரை ஓட்டினாலும் சுகமாகப் போகும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நிற்கும்போதுதான் ஆட்டம் ஆரம்பிக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள், 850இல் நிற்க வேண்டியது, 500க்கு இறங்கும், திடுக்கென்று 1,100க்கு ஏறும், மறுபடி இறங்கும். கியர் குமிழில் கை வைத்தால் கையும் சேர்ந்து ஆடும். அதுவும் தினமும் வராது. மூன்று நாள் சமர்த்தாக இருந்துவிட்டு நான்காம் நாள் பசார் முன்னால் மானத்தை வாங்கும்.

பட்டறைக்குக் கொண்டுபோன அன்று, சொல்லி வைத்தாற்போல் ஆட்டமே இல்லை. ஃபோர்மேன் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பழைய காடி அண்ணே, ஸ்கேன் போட்டாத்தான் தெரியும். விட்டுட்டுப் போங்க" என்றார். மறுநாள் ஒரு பேப்பரைக் காட்டினார். அதில் பி0300, பி0505 என்று இரண்டு கோளாறுக் குறியீடு. முதலாவது, இன்ஜின் அங்கங்கே தவறி எரிகிறது என்பதற்கு. இரண்டாவது, ஐடில் கட்டுப்பாட்டில், அதாவது கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில், கோளாறு என்பதற்கு. என் காரின் நோயை அச்சடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. நானும் தலையாட்டினேன்.

ஒன்பது நாள் கழித்து பில் வந்தது. ஸ்கேன் 80 வெள்ளி. புது ஐடில் வால்வு 780. இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்டியைக் கேஎல்லுக்கு (கோலாலம்பூருக்கு) அனுப்பிப் பழுது பார்த்ததற்கு 950. ஸ்பார்க் பிளக்கும் பிளக் கேபிளும் 420. கூலி 350. ஆக 2,580. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். "குப்பை அண்ணே, தூக்கிப் போட்டாச்சு" என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் அதே பசார், அதே ஆட்டம். திரும்பிப் போனால், "பழசுன்னா அப்படித்தான் இருக்கும். வித்துட்டு ஒரு மைவி வாங்குங்க அண்ணே" என்று சிரித்தார்.

கோளாறைக் கண்டுபிடித்தது எங்கள் பக்கத்து வீட்டு மாமா. செம்பனை ஆலையில் டிராக்டரும் ஜெனரேட்டரும் பார்த்துப் பணி ஓய்வு பெற்றவர். ரோட்ஸ்டரை அதற்கு முன் தொட்டதே இல்லை. "சூடேத்திக் கொண்டா தம்பி, ஆடுறப்பதான் பாக்கணும்" என்றார். மூன்று சாயங்காலம் தொடர்ந்து கொண்டுபோனேன். மூன்றாம் நாள் அவர் வாசலிலேயே ஆடியது.

அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பட்டறை செய்யாமல் விட்டது அதைத்தான். இன்ஜின் ஆடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களின் மின் இணைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றியபோது ஆட்டம் கூடவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இந்த இன்ஜினில் ஒரு இக்னிஷன் காயில் 1ஆம், 4ஆம் சிலிண்டருக்கும், இன்னொன்று 2ஆம், 3ஆம் சிலிண்டருக்கும் பொறி கொடுக்கிறது. ஒரு ஜோடி மட்டும் சோர்ந்திருந்தால் காயிலைப் பார்க்கலாம், ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால் கேபிளையோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்கலாம். என் காரில் எதைக் கழற்றினாலும் ஒரே அளவுதான் தடுமாறியது. "நாலும் ஒரே மாதிரி சிணுங்குது. நாலுக்கும் பொதுவானது காத்துதான்" என்றார்.

அடுத்து கார்பரேட்டர் கிளீனர் டின்னை எடுத்து, காற்றுக் குழாய் போகும் வழியில் சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டே வந்தார். (சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும். அவர் ஈரக் கோணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடித்தார்.) ரேடியேட்டருக்குப் பின்னால், மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் குழாயின் அடியில் அடித்ததும் இன்ஜின் சட்டென்று குரல் மாறியது. இன்னொரு தடவை அடித்தார், மறுபடி மாறியது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, குழாயைக் கழற்றி வாழைப்பழம் மாதிரி வளைத்துக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளைத்தால் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு பிளவு வாய் திறக்கிறது. கையை விட்டால் மூடிக்கொள்கிறது. பால் மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த என்னை ஒரு ரப்பர் குழாய் இத்தனை நாள் அலைக்கழித்திருக்கிறது.

இந்த 1.6 இன்ஜினில் உள்ளே போகும் காற்றை ஏர் ஃப்ளோ மீட்டரில் ஒரு தகட்டுக் கதவு அளக்கிறது. அந்த அளவுக்குத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். அதற்குப் பிந்திய குழாய் கிழிந்தால், கணக்கில் வராத காற்று புகுந்து பெட்ரோல் பற்றாமல் போகும். வேகமாக ஓடும்போது உள்ளே போகும் காற்று அதிகம், அதில் இந்தத் திருட்டுக் காற்று தெரியவே தெரியாது. ஐடிலில் போவதே கொஞ்சம் என்பதால் உடனே உதறும். காலைக் குளிரில் இன்ஜின் ஐடிலிலும் கொஞ்சம் வேகமாகவே ஓடும், அதனால் அப்போதும் தெரியாது. ரப்பர் சூட்டில் இளகி, இன்ஜின் கொஞ்சம் சாய்ந்தால்தான் பிளவு திறக்கும். வருவதும் போவதுமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆயில் மூடியோ ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கோ சரியாக உட்காராவிட்டாலும் இந்தக் காரில் இதே தொல்லை வரும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை.

அப்புறம்தான் எனக்கு அந்த ஸ்கேன் பேப்பர் ஞாபகம் வந்தது. பி என்று தொடங்கும் அந்தக் குறியீடுகள், ஸ்கேனரை மாட்டிக் கோளாறைப் படிக்கும் ஓபிடி-2 என்ற முறையைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்துதான் அதைக் கட்டாயமாக்கினார்கள். என் 1991 காரில் ஸ்கேனரை மாட்டும் அந்த சாக்கெட்டே கிடையாது. பானட்டுக்குள் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதில் கம்பியால் இரண்டு முனையை இணைத்து, விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். பேப்பரில் இருந்த சேஸிஸ் நம்பரை அப்போதுதான் பார்த்தேன். 17 எழுத்து. ஜப்பானுக்குள் விற்ற என் காரின் நம்பர் என்ஏ6சிஇ என்று தொடங்கும், அவ்வளவு நீளம் வராது. வேறு யார் காரின் பேப்பரையோ நீட்டி என்னிடம் 80 வெள்ளி வாங்கியிருக்கிறார்.

மற்றதையும் சோதித்தோம். "புது" ஐடில் வால்வில், போன வருஷம் நானே ஸ்க்ரூடிரைவர் வழுக்கிப் போட்ட கீறல் அப்படியே இருந்தது. சுத்தம் செய்து மாட்டியிருக்கிறார், அதற்கு 780. கேஎல் போய்வந்ததாகச் சொன்ன கம்ப்யூட்டர் பெட்டியின் திருகாணிகளில் ஒரு தேய்ப்புகூட இல்லை, தூசு மண்டிக் கிடந்தது. உண்மையில் மாற்றியது பிளக்கும் கேபிளும் மட்டும். நல்ல என்ஜிகே கேபிளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பெயரே போடாத ஒன்றை மாட்டியிருக்கிறார்.

எல்லாவற்றையும் படம் எடுத்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நாமே பேச வேண்டும். சம்பவம் நடந்து மூன்று வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது, அதனால் 20 வெள்ளி வேலையானாலும் பில் கேட்டு வாங்குங்கள். பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே பில் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் எழுதச் சொல்லவில்லை, கேபிள் போனது போனதுதான்.

புதுக் குழாய் 165 வெள்ளி. வந்து சேர இரண்டு வாரம் ஆனது. அதுவரை மாமா சுற்றிக்கொடுத்த ரப்பர் டேப்பிலேயே ஓட்டினேன். மாமா காசு வாங்கவில்லை. ஒரு தடவை கூரையை மடக்கிக் கோலகங்சார் வரை கூட்டிப் போ, லக்சா சாப்பிட்டு வரலாம் என்றார், போய் வந்தோம். வழியெல்லாம் முள் 850இல் அசையாமல் நின்றதா என்று என்னைவிட அவர்தான் அதிகம் பார்த்துக்கொண்டு வந்தார்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. கிழிந்த குழாயை வீட்டுப் பின்கட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். பில்லோடு அதையும் கொண்டுபோய், மேஜைமேல் வைத்து வளைத்துக் காட்டப்போகிறேன்.