பாக்நாம் பீரங்கிக் கோட்டை: ஓர் அரைநாள் வழிகாட்டிப் பயணத்தின் மதிப்பீடு

பாங்காக்குக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் அரண்மனை, மிதக்கும் சந்தை, கடைத்தெரு என்ற வரிசையிலேயே நாள்களைச் செலவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேற்கே பர்மாவை விழுங்கிய ஆங்கிலேயருக்கும் கிழக்கே வியட்நாமையும் கம்போடியாவையும் பிடித்த பிரெஞ்சுக்காரருக்கும் நடுவில் அகப்பட்டும், இருவரில் எவருடைய ஆட்சிக்கும் உட்படாமல் சியாம் என்ற அன்றைய தாய்லாந்து எவ்வாறு நின்றது என்பதை ஓரிடத்தில் நின்று யோசித்துப் பார்க்க விரும்புபவர்கள், சாவ் பிரயா ஆறு கடலில் கலக்கும் பாக்நாம் முகத்துவாரத்தில் உள்ள பிரா சுலசோம்கிளாவ் கோட்டைக்குச் செல்ல வேண்டும். நாங்கள் மூவர், ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தின் அரைநாள் பயணத்தில் பதிவு செய்து அங்கே சென்றுவந்தோம். கோட்டை எனக்கு முழு நிறைவைத் தந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய விளக்கம் அந்த நிறைவைத் தரவில்லை.

நிறுவனத்தார் வேனில் அழைத்துச் சென்றார்கள். தனியாகச் செல்வதும் கடினமன்று. மேம்பால ரயிலில் பாக்நாம் நிலையத்தில் இறங்கி, சந்தையை ஒட்டிய துறையில் படகேறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து சோங்தேவ் எனப்படும் பகிர்வு வண்டியில் கோட்டைக்குச் சென்றுவிடலாம். கோட்டை கடற்படையின் வளாகத்துக்குள் இருப்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வாயிலைக் கடந்ததும் ஆற்றை நோக்கி நிற்கும் மன்னர் சுலாலங்கோனின் சிலையும், அதன் பின்னே புல்மேட்டுக்குள் புதைந்து கிடக்கும் கோட்டையும் தெரிகின்றன. உயர்ந்த மதிலையும் கொத்தளத்தையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலில் சிறிது ஏமாற்றமாக இருக்கலாம். இங்கே எல்லாமே தரைக்குக் கீழேதான். ஏழு குழிகள், ஏழு பீரங்கிகள். இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்திடம் வாங்கிய இந்த 6 அங்குலப் பீரங்கிகள், குண்டு நிரப்பும்போது குழிக்குள் பதுங்கியிருந்து, சுடும் நேரத்தில் மட்டும் மேலெழுந்து, சுட்டவுடன் அந்த உதைப்பிலேயே மறுபடியும் குழிக்குள் இறங்கிவிடும்படி அமைக்கப்பட்டவை. தாய் மொழியில் இவற்றுக்குப் பதுங்கும் புலி என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. படிகளில் இறங்கி, இரும்புக் கைகளைப் போல மடங்கிக் கிடக்கும் அந்தத் தாங்கிகளின் அருகில் நிற்கும்போது, தன் ஆற்றுவாயிலைக் காப்பதற்கு அன்றைக்குக் கிடைத்த மிகப் புதிய கருவியை ஒரு நாடு எவ்வளவு கவலையோடு தேடி வாங்கியிருக்கும் என்று மனம் கனத்தது.

அந்த இடத்தில்தான் எங்கள் வழிகாட்டி, இந்தப் பீரங்கிகளே பிரெஞ்சுக்காரரைத் தடுத்து நிறுத்தின என்றும், அதனாலேயே தாய்லாந்து அடிமைப்படவில்லை என்றும் சொல்லி முடித்துவிட்டார். அவர் மரியாதையானவர், பொறுமையானவர். குடையும் தண்ணீரும் கொடுத்து எங்களைக் கவனித்துக்கொண்டார். ஆனால் நடந்தது அதுவன்று. மேகோங் ஆற்றின் கிழக்குக் கரை யாருக்கு என்ற பூசல் முற்றியிருந்த வேளையில், 1893 ஜூலை 13 அன்று மாலை, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் இரண்டு இந்த முகத்துவாரத்துக்குள் நுழைந்தன. கோட்டை சுட்டது. அவற்றுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்த பிரெஞ்சு வணிகக் கப்பல் அடிபட்டுத் தரைதட்டியது. போர்க்கப்பல்கள் இரண்டும் கோட்டையைத் தாண்டிச் சென்று, அன்றிரவே பாங்காக்கில் பிரெஞ்சுத் தூதரகத்தின் எதிரில் நங்கூரமிட்டன. புலி பதுங்கிய இடத்திலிருந்து எழுந்தது உண்மைதான். கப்பல்கள் நிற்கவில்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு நடந்தவற்றைச் சொல்லாமல் இந்தக் கோட்டையைக் காட்டுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. உதவிக்கு வருவார்கள் என்று சியாம் நம்பியிருந்த ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரரோடு இணங்கிப் போய்விடும்படிதான் அறிவுரை கூறினார்கள். பிரெஞ்சுக் கப்பல்கள் ஆற்றுவாயை முற்றுகையிட்டன. 1893 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி மேகோங்கின் கிழக்குக் கரை கைவிட்டுப் போனது. மேற்குக் கரையிலும் 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் படை வைக்கக்கூடாது என்று ஆனது. இழப்பீட்டுப் பணத்துக்கு, மூன்றாம் இராமா மன்னர் சிவப்புப் பைகளில் கட்டிச் சேமித்து வைத்திருந்த மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் எடுத்துக் கொடுக்கப்பட்டதாகத் தாய் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். சந்தபுரி நகரம் ஈட்டுப்பொருளைப்போலப் பல ஆண்டுகள் பிரெஞ்சுப் படையின் கையில் இருந்தது.

சியாமின் நடுப்பகுதியைக் காத்தது அந்த இரு வல்லரசுகளின் பரஸ்பர ஐயம்தான். 1896 ஜனவரி 15 அன்று ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஒருவர் சம்மதமின்றி மற்றவர் சாவ் பிரயா படுகைக்குள் படையனுப்புவதில்லை என்று தங்களுக்குள் உறுதி செய்துகொண்டார்கள். அந்த உறுதிமொழியில் சியாம் ஒரு தரப்பாகக்கூட இல்லை. ஆனால் அந்த ஐயம் அணையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சியாம் செய்தது. சுலாலங்கோனின் தந்தை மன்னர் மோங்குட் 1867இல் பாரிசில் இருந்த தம் தூதருக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றில் மேலேறி முதலையோடு நட்புக் கொள்வதா, கடலுக்குள் நீந்தித் திமிங்கிலத்தைப் பற்றிக்கொள்வதா என்று கேட்டிருந்தார். மகன் சுலாலங்கோன் இரண்டையும் செய்யவில்லை. நிதித் துறைக்கு ஆங்கிலேயர், ரயில்வேக்கு ஜெர்மானியர், பொது ஆலோசகராகப் பெல்ஜியத்தின் ரோலின் ஜாக்மின்ஸ், கடற்படைக்கு டென்மார்க்கின் ரிச்சலியூ என்று, எந்த ஒரு நாட்டின் கையும் அரசு முழுவதிலும் படராதபடி வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். பெல்ஜியமும் டென்மார்க்கும் பெரிய அண்டை நாடுகளுக்கு அருகில் வாழப் பழகிய சிறிய நாடுகள் என்பதை நினைக்கும்போது, அந்தத் தேர்வின் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. 1897இல் மன்னரே ஐரோப்பாவுக்குப் போய், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாசின் அருகில் அமர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம், சியாமுக்கு வேறு பெரிய நண்பர்களும் உண்டு என்று பாரிசுக்கும் இலண்டனுக்கும் சொன்னது.

இந்த நடுநிலைக்கு விலையும் உண்டு. 1904இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பழைய பகைகளைத் தீர்த்துக்கொண்டு, சியாமின் மேற்கில் ஒருவருக்கும் கிழக்கில் மற்றவருக்கும் செல்வாக்கு என்று ஒப்புக்கொண்டபோது, இடையில் நின்றவனுக்கு இருந்த பிடிமானம் தளர்ந்தது. 1907இல் பட்டம்பாங்கும், அங்கோர் கோயில்கள் நிற்கும் சியம் ரீப்பும் பிரெஞ்சுக்காரருக்குப் போயின. 1909இல் கெடா, பெர்லிஸ், கிளாந்தான், திரெங்கானு ஆகியவற்றின் மீதிருந்த மேலுரிமை ஆங்கிலேயருக்குப் போனது. அந்தக் கெடாதான் நம் கல்வெட்டுகள் கூறும் கடாரம். இராசேந்திரன் படையெடுத்துச் சென்ற மண் ஒரு கையெழுத்தில் கைமாறியதை, சோழர் பெருமை பேசும் நம் மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மண்ணின் மக்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை என்பதும், ஒரு நாட்டின் விடுதலையைப் பாராட்டும்போது மறந்துவிடக்கூடாத ஒன்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்கு அருகில் நிலைநிறுத்தப்பட்டுள்ள மேக்லோங் போர்க்கப்பல் ஜப்பானில் கட்டப்பட்டு 1990களின் நடுப்பகுதி வரை பணியில் இருந்தது. மேல்தளத்தில் ஏறி நின்றால் கப்பல்கள் நுழைந்த கடல்வாய் நன்றாகத் தெரிகிறது. அலையாத்திக் காட்டுக்குள் போகும் நடைபாதையில் குழந்தைகள் சேற்று மீன்களைப் பார்த்து மகிழ்வார்கள். ஆற்றங்கரை உணவு பெரும்பாலும் கடலுணவு என்பதால், சைவர்கள் பாக்நாம் சந்தையிலேயே பழங்களை வாங்கிக்கொள்வது நல்லது. வெயில் கடுமை, காலையிலோ மூன்று மணிக்குப் பிறகோ செல்லுங்கள்.

வண்டிக்கும் நேரந்தவறாமைக்கும் அந்தச் சுற்றுலா நிறுவனத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், விளக்கத்துக்கு இரண்டுதான். திரும்பும் வழியில் வழிகாட்டியிடம் 1907, 1909 பற்றிப் பணிவாகக் கேட்டேன். பயணிகள் வெற்றிக் கதையைத்தான் விரும்புகிறார்கள் என்று அவர் நேர்மையாகவே பதில் சொன்னார். ஆகவே எந்த நிறுவனத்தில் பதிவு செய்தாலும், பணம் கட்டுவதற்கு முன், கப்பல்கள் இரண்டும் கோட்டையைத் தாண்டிய பிறகு என்ன ஆனது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரோடு போனால் அந்த ஏழு குழிகளையும் சுற்றிவர அரைநாள் போதாது.