இறக்கை நாற்காலி: பூட்டன் காலத்ததா, பாட்டன் காலத்ததா?

சாய்மானத்தின் இருபுறமும் இறக்கை போல நீண்டிருக்கும் பழைய விங்பேக் நாற்காலி வாங்கப் போகிறவர்கள் முதலில் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். அடுத்து காலின் வளைவில் மயங்குகிறார்கள். பிறகு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முதல் நாற்காலியை வாங்கினேன். கரும்பச்சை வெல்வெட், செதுக்கிய கால்கள், அகன்ற இறக்கைகள் என்று பார்த்த மாத்திரத்தில் மனத்தைப் பறிகொடுத்தேன். ஒரு மாதத்தில் இடது இறக்கை ஆடத் தொடங்கியது. குஷன் வேலை செய்பவர் துணியைப் பிரித்தபோது பின்சட்டத்திலிருந்து மாவு கொட்டியது. மரம் உள்ளே முழுக்க உளுத்துப் போயிருந்தது. அன்றிலிருந்து எந்த நாற்காலியையும் கவிழ்த்துப் பார்க்காமல் விலை கேட்பதில்லை.

இந்த நாற்காலி 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தில் உருவானது. குளிர்ந்த வீடு, முன்னால் கணப்பு, பின்னாலிருந்து வீசும் ஊதல் காற்று என்று அதன் பிறப்பிடத்தை நினைத்துப் பார்த்தால் வடிவம் புரிந்துவிடும். காற்றைத் தடுத்து, கணப்பின் சூட்டை முகத்தருகே நிறுத்திவைக்கத்தான் சாய்மானத்தின் இருபுறமும் இறக்கைகள் வந்தன. 18-ஆம் நூற்றாண்டில் இது பெரும்பாலும் படுக்கையறைகளில்தான் இருந்தது. முதியவர்களும் நோயாளிகளும் நாளெல்லாம் உட்கார்ந்திருக்க உதவியது.

பெயர்களில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிட்டு ஒப்பிடுவோம். 100 ஆண்டுகளைத் தாண்டியதை ஆண்டிக் என்பதும், அந்த வயதை எட்டாத பழையதை விண்டேஜ் என்பதும் சந்தை வழக்கம். இந்தக் கோடு ஆண்டுதோறும் நகர்கிறது. 1920-களின் தொடக்கத்தில் பழைய பாணியைப் பார்த்துச் செய்த நாற்காலிகள்கூட இப்போது ஆண்டிக் வரிசையில் சேர்ந்துவிட்டன. ஆகவே அந்தச் சொல்லுக்காக மட்டும் யாரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான 18-ஆம் நூற்றாண்டு நாற்காலியை முதலில் எடுத்துக்கொள்வோம். நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தை ஆண்ட அரசியின் பெயரைத் தாங்கிய குயீன் ஆன் பாணி என்றால் விலங்கின் காலைப் போல முழங்காலில் புடைத்துக் கணுக்காலில் ஒடுங்கும் வளைவும், தட்டையான வட்டப் பாதமும் இருக்கும். வால்நட் மரம் அதிகம். நூற்றாண்டின் நடுவில், லண்டன் தச்சர் தாமஸ் சிப்பன்டேல் காலத்துக்கு வந்தால் மகோகனி மேலோங்குகிறது. உருண்டையைப் பற்றிய நகப்பாதமோ, நேரான சதுரக் காலோ காணப்படும். வெளியே தெரியும் கால்கள்தாம் உயர்ந்த மரம். துணிக்குள் மறையும் சட்டத்தைப் பெரும்பாலும் பீச் போன்ற மலிவான மரத்தில் செய்தார்கள். இங்கிலாந்து நாற்காலிகளில் பூச்சி முதலில் தேடிப்போவது அந்த பீச் மரத்தைத்தான்.

இதன் உட்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். நார்ப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, மேலே சாக்குத்துணி விரித்து, குதிரை முடியை அடைத்துத் தைத்து, அதன்மேல் இறகு மெத்தை வைப்பார்கள். ஸ்பிரிங் கிடையாது. இங்கிலாந்தில் மெத்தை இருக்கைக்கான சுருள் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வழங்கப்பட்டதே 1828-இல்தான். 1750-ஆம் ஆண்டு நாற்காலி என்று காட்டப்படுவதன் அடியில் ஸ்பிரிங் தெரிந்தால், பின்னாளில் யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், அல்லது நாற்காலியே பின்னாளையது. மாற்றியது தவறில்லை; ஆனால் அது விலையில் தெரிய வேண்டும்.

அடிச்சட்டத்தின் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். துணி மாற்றும்போதெல்லாம் ஒரு வரிசை ஆணித்துளை விழும். இருநூறு ஆண்டுகளில் ஐந்தாறு முறை மாற்றியிருந்தால் அந்த விளிம்பு சல்லடை போலாகிவிடும்; அடுத்த ஆணி பிடிக்காது. நான் பார்த்த ஒரு நாற்காலியில் விரல் நகத்தால் அழுத்தினாலே விளிம்பு பொடிந்தது. இன்னொன்றில் துளைகளைப் பசையும் மரத்தூளும் கலந்து அடைத்து, மேலே துணிப்பட்டை ஒட்டியிருந்தார்கள். அக்கறையுள்ள ஒருவர் கையில் இருந்த நாற்காலி அது என்று அப்போதே தெரிந்தது. துளையே இல்லாத சுத்தமான சட்டத்தைக் காட்டி 250 வயது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விக்டோரியா காலத்து நாற்காலிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங் வந்துவிட்டது, ஆழமான பொத்தான் தையல் வந்துவிட்டது, கால்களில் சக்கரம் ஏறியது. உட்காரச் சொகுசானவை. சக்கரம் பொருத்துவதற்காக வெட்டப்பட்ட கால்கள், சக்கரம் போன பிறகு குட்டையாக நிற்பதுண்டு. அதை மட்டும் கவனித்தால் போதும்.

அன்றாடம் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1920 முதல் 1950 வரை பழைய பாணியைப் பார்த்துச் செய்யப்பட்ட மறுபதிப்புகளைத்தான். பாணி குயீன் ஆன் அல்லது சிப்பன்டேல். உள்ளே ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையில் கயிற்றால் இழுத்துக் கட்டிய வேலைப்பாடு நல்லவற்றில் இருக்கும். அதன்மேல் உட்கார்ந்தால் உடல் ஒரே சீராக இறங்கும். ஒரு பக்கம் சாயாது. மூட்டுகளில் மர முளையும் விலங்குப் பசையும் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பசை வறண்டு மூட்டு ஆடலாம்; ஆனால் சூடும் ஈரமும் பட்டால் இளகிக்கொடுக்கும், கழற்றித் திரும்ப ஒட்டலாம். மூட்டு ஆடுகிறதே என்று பயப்பட வேண்டாம். மரம் உளுத்திருந்தால் பயப்படுங்கள்.

இந்த மறுபதிப்பு நாற்காலிகளில் ஒரு குறை உண்டு. 1929-இல் டன்லப் ஆய்வகத்தில் உருவான ரப்பர் நுரை அதன்பின் இருக்கைகளுக்குள்ளும் நுழைந்தது. பழைய ரப்பர் நுரை நாளடைவில் இறுகி, பிஸ்கட் போல நொறுங்கும். மெத்தையை அழுத்தும்போது நறநறவென்று கேட்டால், புது மெத்தைச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த போட்டியாளர் டென்மார்க்கிலிருந்து வருகிறது. ஹான்ஸ் வேக்னர் 1951-இல் வடிவமைத்த, ‘அப்பா கரடி’ என்று செல்லப்பெயர் பெற்ற நாற்காலியும், ஆர்னே யாகோப்சன் கோபன்ஹேகனில் ஒரு ஹோட்டலுக்காக 1958-இல் அறிமுகப்படுத்திய முட்டை வடிவ நாற்காலியும் பழைய இறக்கையைப் புதிய மொழியில் சொன்னவை. வேக்னருடையதில் கைப்பிடியின் முனை மரம் விரல்நுனிக்கு வழவழவென்று தட்டுப்படும் சுகம் வேறெதிலும் இல்லை. சின்ன அறைக்கு இவற்றின் எளிய கோடுகள் பொருந்தும். ஆனால் இரண்டும் உடலைப் பின்னால் சாய்த்து வாங்கிக்கொள்பவை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் எழுந்திருக்கத் திணறுவார்கள். அவர்களுக்கு நிமிர்ந்த பழைய வடிவமே நல்லது. தரையிலிருந்து இருக்கை 43 முதல் 46 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். உட்கார்ந்த பிறகு மெத்தை எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும். புகழ்பெற்ற இந்த வடிவங்களுக்குப் போலிகள் ஏராளம் என்பதால், தயாரிப்பாளரின் முத்திரையோ வாங்கிய பத்திரமோ இல்லாமல் அசல் விலை கொடுக்காதீர்கள்.

இறக்கையின் ஆழத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. ஆழமான இறக்கை தலையைச் சாய்த்துத் தூங்க அருமையானது; பக்கத்திலிருந்து வரும் விளக்கொளியை மறைத்துவிடும். படிப்பதற்கென்றால் விளக்கு தோளுக்கு மேலே சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு நாற்காலிகளை ஒரே வரிசையில் போட்டால் உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. பேசுவதற்கான கூடத்தில் குட்டை இறக்கை, தனிமைக்கான மூலையில் ஆழ இறக்கை என்பது என் வழக்கம்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை சில. முன்காலில் ஒன்றைப் பிடித்து ஒரு சாண் அளவு தூக்குங்கள். அதற்குள் மற்ற முன்காலும் தரையை விட்டு எழுந்துவிட வேண்டும். எழாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். இறக்கையை இரு விரலால் மென்மையாகத் தள்ளிப் பாருங்கள். கவிழ்த்து, அடித்துணியின் ஓரத்தைக் கேட்டுக்கொண்டு விலக்குங்கள். குண்டூசித் தலை அளவு துளைகளைச் சுற்றிப் புதிய வெளிர்தூள் இருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி 1930-களின் நடுவில்தான் பரவியது. அதற்கு முந்தையது என்று சொல்லப்படும் நாற்காலியில் அது இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள். கடைசியாக மூக்கை இருக்கையருகே கொண்டுபோங்கள். பூஞ்சை வாடை மெத்தைக்குள் இறங்கிவிட்டால், துணியை மட்டும் மாற்றிப் போக்க முடியாது.

துணி மாற்ற நேர்ந்தால் ஒரு நாற்காலிக்குச் சுமார் 6 மீட்டர் பிடிக்கும். பெரிய பூ வேலைப்பாடு என்றால் கோலம் பொருத்த இன்னும் கூடும். தோலைவிட நெருக்கமாக நெய்த கம்பளித் துணியையே நான் விரும்புகிறேன். வளைவுகளில் சுருங்காமல் படியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பிரிக்கும் நாளில் பக்கத்தில் இருங்கள். உள்ளிருந்து கரிய குதிரை முடி வந்தால் அதை எறிந்துவிட்டு நுரையை வைக்க விடாதீர்கள். அலசி, வெயிலில் உலர்த்தி, கையால் பிரித்துவிட்டால் சுருள் மறுபடி துள்ளும். அதையே திரும்ப அடைக்கச் சொல்லுங்கள்.