ஊர் லீவில் பித்தப்பைக் கல்: திருச்சியில் எதை முடிக்கலாம், எதற்கு அவசரப்பட வேண்டாம்

சிங்கப்பூரில் நம் ஆட்கள் பலர் வயிற்றுத் தொந்தரவை மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். சாப்பிட்டதும் உப்புசம், நெஞ்சுக்குழியில் அழுத்தம், அவ்வப்போது வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. அரசுப் பாலிகிளினிக்கில் ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிக் கொடுத்த தேதி தள்ளி இருக்கும். "தீபாவளிக்கு ஊருக்குப் போறோமே, அங்கேயே எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று வீட்டில் முடிவாகும். திருச்சியில் இறங்கிய மறுநாள் ஸ்கேன், கல் இருப்பதாக ரிப்போர்ட், அன்று மாலையே சர்ஜன். "நாளைக்கு அட்மிட் ஆனா வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிடலாம்" என்பார். ஊரில் பரிசோதனை செய்துகொள்வது நல்ல யோசனை. லீவு நாளைக் கணக்குப் போட்டு பித்தப்பையை எடுத்துவிடுவது வேறு விஷயம்.

பரிசோதனை வசதி இப்போது ஊரில் நன்றாகவே இருக்கிறது. தில்லை நகர், புத்தூர் பக்கம் போனால் ஸ்கேன் சென்டர், லேப், கிளினிக் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. டாக்டர்கள் பலர் காலையில் மருத்துவமனையிலும் மாலையில் சொந்த கிளினிக்கிலும் பார்ப்பார்கள். மாலை டோக்கனைக் காலையிலேயே போன் போட்டு வாங்கிவிட வேண்டும். முதலில் யாரைப் பார்ப்பது என்பது முக்கியம். பெயர்ப் பலகையில் எம்.டி.க்குப் பிறகு டி.எம். (கேஸ்ட்ரோ) என்று இருந்தால் அவர் மருந்து கொடுத்து வைத்தியம் பார்க்கும் இரைப்பை குடல் மருத்துவர். எம்.எஸ்., எம்.சிஎச். என்று இருந்தால் சர்ஜன். கல் இருப்பது இன்னும் உறுதியாகாத நிலையில், அல்லது கல் இருந்தும் வலிக்குக் காரணம் அதுதானா என்ற சந்தேகம் இருக்கும்போது, டி.எம். படித்தவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சர்ஜனிடம் நேராகப் போனால் பேச்சு ஆபரேஷன் தேதியிலிருந்து தொடங்கிவிடும். வேலூர் சி.எம்.சி. வரை போக நாள் இருப்பவர்கள் சிங்கப்பூரிலிருந்தே ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்பலாம்.

வயிற்று ஸ்கேன் எளிய சோதனைதான். ஆனால் அது பாழாவது பெரும்பாலும் நம்மால்தான். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலை ஏழு மணிக்கே டோக்கன் போட்டு உட்கார்ந்திருப்பவர், கூப்பிட நேரமாகிறதே என்று வாசல் கடையில் ஒரு பால் காபி குடித்துவிட்டு வருவார். பாலில் உள்ள கொழுப்பு போதும், பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்கு அனுப்பிவிடும். சுருங்கிய பைக்குள் சின்னக் கல் தெரியாது. சுவரும் தடித்தது போலத் தெரியும். ரிப்போர்ட்டில் 'பித்தப்பை பாதி சுருங்கியுள்ளது' என்ற வரி இருந்தால் அந்த ஸ்கேனை வைத்து எந்த முடிவும் எடுக்காமல் மறுநாள் திரும்ப எடுங்கள். மல்லாந்து படுக்க வைத்து மட்டும் பார்த்தால் இடப்பக்கமாகத் திரும்பியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உருண்டு நகர்ந்தால் கல். சுவரோடு ஒட்டி நகராமல், பின்னால் நிழல் விழாமல் இருந்தால் அது பாலிப்பாக (சுவரில் வளரும் சின்னச் சதை) இருக்கலாம். கல் பையின் கழுத்தில் சிக்கியிருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ரிப்போர்ட்டில் 'கல் உள்ளது' என்ற ஒரு வரி போதாது. கல் எத்தனை, பெரியது எத்தனை மி.மீ., பித்தப்பைச் சுவரின் தடிப்பு எவ்வளவு (3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்), பையைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பொதுப் பித்தநாளத்தின் விட்டம் எவ்வளவு (பொதுவாக 6 மி.மீ. வரை சரி, வயதானால் சற்றுக் கூடும்) என்று எழுதியிருக்க வேண்டும். பாலிப் என்றால் அளவுதான் எல்லாம். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனால் எடுக்கச் சொல்வார்கள். 5 மி.மீ.க்குக் குறைந்த பாலிப்புக்காக யாரும் லீவில் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதில்லை.

சரி, கல் இருக்கிறது. அதனால்தான் வலியா? இந்தக் கேள்விக்கு மட்டும் பொறுமையாக நேரம் கொடுங்கள். பித்தப்பையில் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் வராது. கல்லால் வரும் வலிக்கென்று ஒரு போக்கு உண்டு. நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க மேல்வயிற்றிலோ பிடிக்கும். ஏறி உச்சத்துக்குப் போய் அப்படியே நிற்கும், விட்டு விட்டு வராது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல், சில சமயம் ஐந்தாறு மணி நேரம் வரை இருக்கும். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே முதுகில் பாயும். எழுந்து நடந்தாலும், ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும் குறையாது. சிங்கப்பூர் தேக்காவில் இரவு ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டுப் படுத்தவரை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைப்பது இந்த வகை வலி. பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. இதற்கு மாறாக, தினமும் உப்புசம், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, மலம் கழித்ததும் குறையும் வலி என்றால் கல்லைக் குற்றம் சொல்வதற்கு முன் இரைப்பையையும் குடலையும் பார்க்க வேண்டும். பையை எடுத்த பிறகும் இவை அப்படியே தொடர வாய்ப்பு அதிகம்.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. நெதர்லாந்தில் கல்லும் வயிற்று வலியும் உள்ள 1,067 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலோருக்கு ஆபரேஷன் நடந்திருந்தும், ஓராண்டு கழித்துப் பத்தில் நான்கு பேர் வரை வலி முழுதாகப் போகாமல் இருந்தார்கள். பிரிட்டனில் 434 பேரைச் சேர்த்து 2023-இல் வெளியான இன்னொரு ஆய்வு, சிக்கல் ஏதும் இல்லாத கல்லுக்கு உடனே ஆபரேஷனுக்கு அனுப்பியவர்களையும், வலி மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடுமாகப் பொறுத்துப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டது. 18 மாதத்தில் இரு தரப்பினரின் வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுத்துப் பார்த்த தரப்பில் அந்தக் காலத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நால்வரில் ஒருவர்தான். ஆபரேஷன் வீண் என்று நான் சொல்லவில்லை. சரியான ஆளுக்குச் செய்தால் அந்த நள்ளிரவு வலி அதோடு தீர்ந்தது. ஆள் சரியா என்று பார்க்க இரண்டு நாள் கூடுதலாக ஆனால் ஆகட்டும்.

அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டிய சில சோதனைகளுக்கு சிங்கப்பூரிலேயே ஏற்பாடு தொடங்க வேண்டும். இரைப்பையில் வரும் எச்.பைலோரி கிருமிக்கு மூச்சுச் சோதனையோ, எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துச் சோதனையோ செய்வதற்கு முன் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரும். ஆகவே விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைக் கேட்டு அமில மாத்திரையை நிறுத்துங்கள். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் நெஞ்சுக்குழி வலிக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் விடக் கூடாது. மாரடைப்பும் வாயுத் தொந்தரவு மாதிரியே வரும்.

ரத்தத்தில் கல்லீரல் சோதனையையும், வலி வந்த சமயமாக இருந்தால் கணையத்துக்கான லைபேஸையும் பாருங்கள். ஊர் லேபில் பிலிருபின் மி.கி./டெசிலிட்டரில் வரும், சிங்கப்பூரில் மைக்ரோமோல்/லிட்டரில் வரும். ஊர் எண்ணை 17.1-ஆல் பெருக்கினால் சிங்கப்பூர்க் கணக்கு. அங்கே 1.2 என்பது இங்கே ஏறக்குறைய 20. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து "17 மடங்கு ஏறிடுச்சு" என்று பயந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். பிலிருபினோ அல்கலைன் பாஸ்பட்டேஸோ ஏறியிருந்தால், நாளம் விரிந்திருந்தால், கல் பையிலிருந்து நழுவி நாளத்துக்குள் போயிருக்கலாம். நாளத்துக் கல்லைச் சாதாரண ஸ்கேன் அடிக்கடி தவறவிடும், எம்.ஆர்.சி.பி. (பித்தநாளத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்க வேண்டும். அங்கே கல் இருந்தால் முதலில் ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டுச் செய்வது) வழியாக எடுத்துவிட்டுப் பிறகு பையை எடுப்பதுதான் வழக்கம். அந்த வசதி சின்ன மருத்துவமனைகளில் கிடையாது. லேப்ராஸ்கோபி (சின்னத் துளை வழி ஆபரேஷன்) மட்டும் செய்யும் இடத்தில் பையை எடுத்துவிட்டு, நாளத்துக் கல்லோடு வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் போகும் நிலை வரக் கூடாது.

தள்ளிப் போடவே கூடாத நிலைமைகளும் உண்டு. ஆறு மணி நேரம் தாண்டியும் விடாத வலி, குளிர் ஜுரம், கண்ணில் மஞ்சள், பீங்கான் நிறத்தில் மலம், முதுகுவரை குத்தி வாந்தியோடு வரும் கணைய அழற்சி. இவற்றில் எது வந்தாலும் லீவு, டிக்கெட் எல்லாம் பின்னால். ஊரில் இருந்தால் 108, சிங்கப்பூரில் இருந்தால் 995. கல்லால் வந்த லேசான கணைய அழற்சியில் அதே அட்மிஷனிலேயே பையை எடுத்துவிடுவது நல்லது. "சிங்கப்பூர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பினால் வழியிலேயே அடுத்தது வரலாம்.

அவசரம் இல்லாத ஆபரேஷனை ஊரில்தான் செய்வது என்று தீர்மானித்தால், திரும்பும் டிக்கெட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். நான்கு துளை, மறுநாள் வீடு என்பது உண்மைதான். ஆனால் பித்தக் கசிவு பல சமயம் வீட்டுக்குப் போன பிறகு முதல் வாரத்தில்தான் தெரியவரும்: நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடும், வயிறு உப்பும், காய்ச்சல் வரும். பொதுப் பித்தநாளத்தில் காயம் படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேரலாம். நேர்ந்தால் மறுபடி பெரிய ஆபரேஷன். அந்த நேரத்தில் நீங்கள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியிருந்தால், ஆபரேஷன் செய்தவரோ அவர் எழுதிய குறிப்போ கையில் இல்லாமல், அவசர சிகிச்சைப் பிரிவில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோள்பட்டை வலிக்கு மட்டும் பயப்பட வேண்டாம், வயிற்றுக்குள் ஏற்றிய கரியமில வாயுவால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். நான்கு வாரமாவது கனம் தூக்கக் கூடாது. அரிசி, மசாலா என்று முப்பது கிலோ பெட்டியை பெல்ட்டிலிருந்து இறக்குவதும் இதில் சேர்த்திதான்.

பேக்கேஜ் தொகையைக் கேட்கும்போது அதில் மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், கிளிப், மருந்துக் கடை பில், கூடுதல் நாள், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். எடுத்த பையைப் பயாப்சிக்கு அனுப்புகிறார்களா என்றும் கேளுங்கள். பல இடங்களில் கல்லைக் கழுவிச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வீட்டாரிடம் கொடுப்பார்கள். பச்சையும் கறுப்புமாகக் குலுங்கும் அந்த டப்பாவைப் பார்த்ததும் எல்லாருக்கும் திருப்தி வந்துவிடும். பையை யாரும் கேட்பதில்லை. அரிதாக உள்ளே புற்று இருந்தால் அதைச் சொல்லப்போவது பயாப்சி மட்டும்தான்.

பண விஷயத்தில், மெடிசேவ் (சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) தமிழ்நாட்டு மருத்துவமனையில் செல்லாது. சிங்கப்பூரின் பொது மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃபும் வெளிநாட்டுச் சிகிச்சைக்குக் கொடுக்காது. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் தம்பிமார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜூலை முதல் முதலாளி உங்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். மருத்துவமனையில் தங்குவதும் டே சர்ஜரியும் அதில் அடங்கும், வேலையில் பட்ட அடியாக இருக்க வேண்டும் என்றில்லை. அது இருக்கும்போது கடன் வாங்கி ஊரில் ஆபரேஷன் செய்வதற்கு முன் கம்பெனியில் பாலிசியைக் கேட்டுப் பாருங்கள். ஊர் டாக்டர் கொடுக்கும் எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்று) ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று முதலாளிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிவிட்டுப் போங்கள்.

சித்தப்பா, மாமா எல்லாரும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம், பித்தப்பை அந்தப் பாதையிலேயே இல்லை. எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடித்து 'கல் வெளியே வந்தது' என்று காட்டும் பச்சை உருண்டைகள், அந்த எண்ணெயே குடலில் சோப்பாகித் திரண்டவை. அர்சோடியாக்சிகாலிக் அமில மாத்திரை உண்மையிலேயே கரைக்கும். ஆனால் சுண்ணாம்பு ஏறாத சின்னக் கொலஸ்ட்ரால் கல்லை மட்டும், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் சாப்பிட்டால். நிறுத்தியபின் ஐந்து ஆண்டுக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடும். கல் இருக்கிறதே என்று பட்டினி கிடந்து வேகமாக எடையைக் குறைக்காதீர்கள், அதுவே புதுக் கல்லுக்கு வழி.

சிங்கப்பூருக்குத் திரும்பும்போது கையில் இருக்க வேண்டியவை: ஸ்கேன் ரிப்போர்ட்டோடு படங்களும் (எம்.ஆர்.சி.பி. என்றால் பிலிம் மட்டும் போதாது, சி.டி. கேளுங்கள்), ரத்த ரிப்போர்ட், மருந்தின் மூலப்பெயரும் மி.கி. அளவும் எழுதிய சீட்டு. ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட். குடிமக்களும் பிஆர்களும் (நிரந்தரவாசிகள்) இவற்றோடு பாலிகிளினிக்குக்குப் போய் அங்கிருந்து எழுதி வாங்கினால் மானியக் கட்டணத்தில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கலாம். பையை எடுத்தபின் சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கு போவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும். பித்தம் தேங்க இடமில்லாமல் குடலில் ஒழுகிக்கொண்டே இருப்பதுதான் காரணம். சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கொலஸ்டிரமின் தூள் இருக்கிறது, மற்ற மாத்திரைகளை அது ஈர்த்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போ போட வேண்டும்.