துருக்கியில் சாயா, கஹ்வேயா?

துருக்கிக்குப் புதிதாகப் போகிறவர்களை எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் முதலில் நோக்கி வருவது சாய் என்கிற தேநீர்தான். இரண்டு அடுக்குக் கெண்டியில் மேலே டிகாஷன், கீழே கொதிநீர், இரண்டையும் கலந்து இடுப்பு குறுகிய சின்னக் கண்ணாடி டம்ளரில் தருவார்கள். பால் கிடையாது, கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். டம்ளர் காலியானால் மறுபடி நிரம்பும். போதும் என்றால் கரண்டியை டம்ளரின் மேல் குறுக்காக வைத்துவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். கம்பளக் கடையில் சாய் குடித்தால் கம்பளம் வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை.

கஹ்வே, அதாவது துருக்கிக் காபி, வேறு ரகம். பொடியையும் சர்க்கரையையும் ஜெஸ்வே என்கிற நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் தண்ணீரோடு சேர்த்து மெதுவாகக் காய்ச்சுவதால் சர்க்கரையை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்: சர்க்கரை வேண்டாம் என்றால் 'சாதே', நடுத்தரம் என்றால் 'ஒர்த்தா'. கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் வரும். அடியில் தங்கும் மண்டியைக் குடிக்கக் கூடாது. கோப்பையைக் கவிழ்த்து அதில் குறி பார்ப்பார்கள், அது தனிப் பொழுதுபோக்கு. பெண் கேட்டு வரும் வீட்டில் மாப்பிள்ளையின் கோப்பையில் உப்பைப் போட்டு அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்கிற வழக்கமும் உண்டு, பாவம்.

ஒரு கோப்பை காபிக்கு 40 வருட நன்றி என்பது அங்கே பழமொழி. ஆனாலும் புதிதாகப் போகிறவருக்கு என் ஓட்டு சாய்க்குத்தான். மலிவு, பேச்சும் நீளும். கஹ்வேயைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.