ஸ்ரோக்கில் ரெறஸ் வீடு: விலை நல்லது, சுவரை முதலில் பாருங்கள்

லண்டனின் ஈஸ்ற் ஹாம், ஹரோ பக்கத்து வீட்டு விலைகளைப் பார்த்துக் களைத்த பிள்ளைகள் வடக்கே தேடத் தொடங்கினால், கொக்குவிலிலும் உரும்பிராயிலும் இருக்கும் பெற்றோரின் வாட்ஸ்அப்பில் வந்து விழும் படம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான்: சிவப்புச் செங்கல், இரண்டு பக்கமும் ஒட்டிய வீடு, தெருவிலேயே வாசல். ஸ்ரோக்-ஒன்-ட்ரென்டில் இப்படியான தெருக்கள் நிறைய. லண்டன் யூஸ்ரன் நிலையத்தில் இருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். அந்தப் பழைய ரெறஸ் வீட்டையும், அதை வாங்குமுன் செய்விக்கும் மூன்றாம் நிலைச் சேர்வே என்ற விரிவான கட்டடப் பரிசோதனையையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறோம். ஏனென்றால் இரண்டாவது இல்லாமல் முதலாவதை வாங்கக்கூடாது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். ரன்ஸ்ரல், பேர்ஸ்லெம், ஹான்லி, ஸ்ரோக், ஃபென்ரன், லோங்ரன் என்ற ஆறு ஊர்களை 1910இல் ஒன்றாக்கினார்கள். 1925இல் நகர அந்தஸ்து கிடைத்தது. பீங்கான்தான் தொழில். பேர்போன பீங்கான்காரர் ஜோசையா வெட்ஜ்வுட் பிறந்தது பேர்ஸ்லெமில். களிமண்ணும் அதைச் சுடுவதற்கான நிலக்கரியும் ஒரே மண்ணுக்குள் கிடைத்ததால்தான் அங்கே சூளைகள் வந்தன. வீடு வாங்குபவருக்கு இது வெறும் சரித்திரம் இல்லை. தெருவுக்குக் கீழே நிலக்கரிச் சுரங்கம் போயிருக்கலாம். பக்கத்து மைதானம் ஒருகாலத்தில் களி தோண்டிய கிடங்காக இருந்து, பிறகு குப்பை போட்டு நிரப்பியதாக இருக்கலாம். அயலில் உள்ள சில்வர்டேல் சுரங்கம் 1998 வரை ஓடியது. மலிவு எவ்வளவு தூரம் போனது என்றால், 2013இல் கொப்றிட்ஜ் பகுதியில் பூட்டிக் கிடந்த 33 வீடுகளைக் கவுன்சில் ஆளுக்கு ஒரு பவுணுக்குக் கொடுத்தது. திருத்தச் செலவைக் கடனாக ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வீடுகளின் உண்மையான விலை அந்தத் திருத்தச் செலவுதான்.

நம்மவர் கண்ணுக்கு வீடு சின்னது. அகலம் நாலு மீற்றர் அளவில். வளவோடு சேர்த்தாலும் மூன்றில் ஒரு பரப்புத் தேறினால் பெரிய காரியம். முன்முற்றம் கிடையாது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்னால் ஒற்றை மாடியாக நீட்டிய குசினி, அதற்கும் பின்னால் குளியலறை. படுக்கை மேலே, ரொயிலெற் கீழே கோடியில். மூட்டுவலிக்காரர் வந்து தங்கும் வீடு என்றால் இதை முதலே யோசிக்க வேண்டும். சில வீடுகளுக்கு இடையே பின்பக்கம் போகக் குகை மாதிரி ஒரு நடைவழி இருக்கும். அதன் மேலே உள்ள அறை ஒரு வீட்டுக்காரருக்கும், கீழே உள்ள நிலம் மற்றவருக்கும் சொந்தமாக இருக்கலாம். மோட்கேஜ் கொடுக்கும் வங்கிகளில் சில இதில் பின்வாங்கும். படத்தில் நடைவழி தெரிந்தால் அந்த அறை யாருடையது என்பதை முதல் நாளே கேளுங்கள்.

இனிச் சுவர். 1919க்கு முந்திய ரெறஸ் பெரும்பாலும் ஒன்பது அங்குலத் திண்மச் சுவர். பிற்கால வீடுகளில் போல நடுவில் காற்று இடைவெளி இல்லை. கல் இடைச் சாந்து சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசியவர்களுக்கு அடுத்த கதை தெரிந்ததுதான். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து வழிவிடாது, நீர் செங்கல்லுக்குள்ளேயே நிற்கும். அங்கே இதற்கு மேல் உறைபனியும் உண்டு. உள்ளே நின்ற நீர் பனியாகி விரிய, செங்கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். சாந்துக் கோடுகள் சாம்பல் நிறத்தில் கெட்டியாக, செங்கல்லை விட வெளியே துருத்திக்கொண்டு, பக்கத்தில் கல் உதிர்ந்திருந்தால் யாரோ சீமெந்தால் கோடு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வீடியோ கோலில் பிள்ளை குசினி அலுமாரிகளைத் திறந்து திறந்து காட்டுவார். “தம்பி, அது கிடக்கட்டும், வெளியில் போய்ச் சுவரின் அடியைக் காட்டு” என்று சொல்லுங்கள். நிலத்துக்குக் கொஞ்சம் மேலே ஓதத்தடைப் படை இருக்கும்: சிலேற்றுக் கல்லாக அல்லது நீலச் செங்கல்லாக ஓடும் ஒரு வரி. வெளி நிலம் அந்த வரிக்கு 150 மில்லிமீற்றராவது கீழே இருக்க வேண்டும். பின்முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டுப் போட்டு நிலம் உயர்ந்து, அந்த வரியே புதைந்த வீடுகள் ஏராளம். அதே உயரத்தில் துளையுள்ள காற்றுக் கற்களும் இருக்கும். அவை பலகைத் தரைக்குக் கீழே காற்றோட்டம் கொடுப்பவை. யாராவது குளிருக்குப் பயந்து அடைத்திருந்தால் தரை மரங்களின் நுனி சுவருக்குள் இருந்தபடியே உக்கும். அறை நடுவில் நின்று குதிகாலைத் தூக்கி ஒருதரம் ஊன்றச் சொல்லுங்கள். தரை துள்ளினால் கம்பளத்துக்குக் கீழே பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஓதத்தில் ஏமாறுவதும் அதிகம். இலவசச் சோதனை என்று வருபவர் கருவியைச் சுவரில் குத்துவார், சத்தம் வரும், சுவரில் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும் என்பார். அவர் விற்பதே அந்த மருந்தைத்தான். கருவி உப்புக்கும் சத்தம் போடும். மேலே உடைந்த பீலி, வெளியில் உயர்ந்த நிலம், உள்ளே பூசிய சீமெந்து: இந்த மூன்றையும் சரிசெய்து சுவரைக் காயவிட்ட பிறகும் ஓதம் நின்றால் மட்டும் மருந்தைப் பற்றிப் பேசலாம். மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சணம் என்றால் அது பெரும்பாலும் வீட்டுக்குள் எழும் நீராவி. பிட்டு அவிக்கிற, ரேடியேற்றரில் துணி காயப்போடுகிற வீட்டில் குசினி விசிறி ஆவியை வெளியே தள்ள வேண்டும். வடிகட்டித் திருப்பி உள்ளேயே ஊதுகிற விசிறி தீயல் வாசத்துக்கும் உதவாது, ஓதத்துக்கும் உதவாது.

கூரையில் இரண்டு விஷயம். பழைய சிலேற்றைக் கழற்றிக் கொங்கிறீற் ஓடு போட்டிருந்தால் பாரம் கூடியிருக்கும். மரங்களுக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் முகடு நடுவில் தொய்யும். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாலே தெரியும். மற்றது புகைக்கூடு. அறையை அகலமாக்கக் கீழ்ப்பகுதியை இடித்துவிட்டு, மேலே கூரைக்கு வெளியே நிற்கும் செங்கற் கூட்டை அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள். அதை எது தாங்குகிறது, கவுன்சிலின் கட்டட அனுமதிச் சான்றிதழ் எங்கே என்று கேட்க வேண்டும்.

இதையெல்லாம் முறையாகப் பார்ப்பதற்குத்தான் சேர்வே. சேர்வேயர் என்றதும் சங்கிலி பிடித்துக் காணி அளப்பவரை நினைக்க வேண்டாம். இவர் கட்டடத்தின் உடல்நிலையைப் பார்ப்பவர். றிக்ஸ் (RICS) என்ற சேர்வேயர்களின் தொழில்சார் அமைப்பில் பதிவுள்ளவராக இருக்க வேண்டும். மூன்று நிலைகள் உண்டு. இரண்டாம் நிலை, வழமையான, பெரிய மாற்றம் செய்யாத வீட்டுக்குப் போதும். நூறு வருடம் தாண்டி, பின்னால் நீட்டி, நடுச்சுவர் எடுத்த ரெறஸுக்கு மூன்றாம் நிலைதான் சரி. கட்டணம் பெரும்பாலும் 600 பவுண்ஸுக்கு மேல். வங்கி செய்யும் மதிப்பீட்டை இதுவென்று மயங்கக்கூடாது. அது வங்கி தன் கடனுக்காகப் பார்ப்பது.

சேர்வேயின் குறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று புள்ளி வரும். 3 என்றால் அவசரம். ஆனால் சேர்வேயர் ஒட்டிய கம்பளத்தைத் தூக்கமாட்டார், வயரிங்கைச் சோதிக்கமாட்டார், பொயிலரைக் கழற்றமாட்டார், கானுக்குள் கமரா விடமாட்டார். அந்த இடங்களில் “மேலதிக ஆய்வு தேவை” என்று எழுதித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். வாசித்தால் வீடு நாளைக்கே விழும்போல இருக்கும். ஆகவே அறிக்கை வந்ததும் அவரோடு தொலைபேசியில் பேசுங்கள்: எது ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது, ஓதத்தின் காரணம் எது, விரிசல் பழையதா நகர்கிறதா? எழுத்தில் தயங்குபவர் வாயால் தெளிவாகச் சொல்வார். அந்தப் பதிலோடு இரண்டு மேசன்மாரிடம் விலை எடுத்தால், விற்பவரிடம் விலை குறைக்கக் கையில் காரணம் இருக்கும்.

பத்திர வேலை இங்கே போல நொத்தாரிசு முன் ஒரே நாளில் முடியாது. கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை இருபகுதியாரும் சும்மா விலகலாம். அன்று வழமையாக 10 வீதம் கட்டிய பிறகு விலகினால் காசு போகும். அதற்கு முன் சொலிசிற்றர் நிலக்கரிச் சுரங்க அறிக்கையை எடுத்தாரா என்று உறுதிப்படுத்துங்கள். களிக் கிடங்கு, குப்பை நிரப்பல் அதில் வராது. அதற்குச் சூழல் அறிக்கை வேறு.

நம்மவர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் முத்திரை வரி. 120,000 பவுண்ஸ் வீட்டுக்குச் சாதாரணமாக வரி இல்லை. 2025 ஏப்ரல் முதல் எல்லை 125,000. ஆனால் வாடகைக்கு இருந்து இப்போதுதான் வாங்கும் பிள்ளையின் பெயரில் யாழ்ப்பாணத்தில் சீதன வீடு ஒன்று இருந்து, அவர் பங்கின் பெறுமதி 40,000 பவுண்ஸோ அதற்கு மேலோ என்றால், 5 வீத மேலதிக வரி சேரும்: 6,000 பவுண்ஸ். சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் இருந்தாலும் கணக்கு அதுதான். வெறுங்காணிக்கு இது இல்லை. பெற்றோர் சீவிய உரித்து வைத்து எழுதிய உறுதியையும் சொலிசிற்றருக்குக் காட்டிவிடுங்கள். காசு வந்த வழியையும் அவர் கேட்பார். காணி விற்ற காசு என்றால் உறுதியின் மொழிபெயர்ப்பும் வங்கிக் கூற்றும் வேண்டும். உண்டியலில் போன காசுக்குக் காட்டக் கடதாசி இல்லை. கொள்வனவு அதிலேயே நின்றுவிடும்.

கடைசி முறை வீடு பார்க்கப் போகும் நாளை மழை நாளாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பீலி எங்கே ஒழுகுகிறது, பின்முற்றத்து வெள்ளம் கானுக்கு ஓடுகிறதா சுவருக்கு ஓடுகிறதா என்பதெல்லாம் காய்ந்த நாளில் தெரியாது.