முதல் எழுத்தா, பஸ் ரூட்டா? மனப்பாடத்துக்கு எது நிக்குதுங்க

குரூப் 4-க்கு படிக்கிற தங்கச்சி, முகலாயர் வரிசை மண்டையில நிக்கவே மாட்டேங்குதுன்னு கேட்டாளுங்க. முதல் எழுத்த கோத்துக்கிறது ஒரு வழி, பா-ஹு-அ-ஜ-ஷா-ஔ, அஞ்சு நிமிசத்துல ஆயிரும். ஆனா பேரு மட்டும்தான் வரும், வருசம் கேட்டா ஒண்ணும் வராது.

இன்னொண்ணு பஸ் ரூட்டு. பழைய ரோம் பேச்சாளருங்க ஒரு கட்டடத்த மனசுல நெனச்சு, பேச வேண்டியத அதுல எடத்துக்கு ஒண்ணா வச்சு ஞாபகம் வச்சுக்குவாங்க, அதையே நாம கோயமுத்தூரு அவினாசி ரோட்டு ஸ்டாப்புகள்ல ஸ்டாப்புக்கு ஒரு ராஜான்னு செய்யறோமுங்க. அண்ணா சிலைகிட்ட பாபர் பீரங்கியோட 1526-னு போர்டு புடிச்சு நிக்கறாரு, லட்சுமி மில்ஸ்ல ஹுமாயூன் கை நிறைய புஸ்தகத்தோட படிக்கட்டுல உருண்டு வர்றாரு (நெசமாவே நூலகப் படியில விழுந்துதான் 1556-ல செத்தாரு, அதே வருசம் அக்பர் பட்டத்துக்கு வந்துட்டாரு), நவ இந்தியாவுல அக்பர், பீளமேட்டுல ஜஹாங்கீர் 1605, ஹோப் காலேஜ்ல ஷாஜகான், சித்ராவுல ஔரங்கசீப்.

கட்டறதுக்கு அரை மணி நேரம் ஆகும், இருந்தாலும் நான் இதத்தான் சொல்லுவேன், வருசமும் கூடவே ஒட்டிக்குது. வருசம் வேண்டாம், வெறும் ஆறேழு பேரு மட்டும் போதும்னா முதல் எழுத்தே போதும் கண்ணு. ஒரே ரூட்டுல அடுத்த பாடத்தையும் ஏத்தாதீங்க, கலந்துரும், அதுக்கு வீட்டு வாசல்ல இருந்து சமையக்கட்டு வரைக்கும் புதுசா ஒரு வழி புடிச்சுக்கோங்க.