பத்து மில்லிமீற்றர் பாயும் பன்பாயும்

மட்டக்களப்பில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் யோகாப் பாய் கேட்டால், பெரும்பாலும் முதலில் இறக்கிக் காட்டுவது 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள நுரைப் பாயைத்தான். ஊதா அல்லது நீல நிறம், தோளில் கொழுவ ஒரு நாடா. கையால் அமத்தினால் மெத்தை மாதிரி இருக்கும், விலையும் மற்றதை விடக் குறைவு. தரையில் கிடந்து வயிற்றுக்குப் பயிற்சி செய்கிறவருக்கு அது போதும். ஆசனத்துக்கு வாங்க வேண்டாம்.

காரணம் மணிக்கட்டில் இருக்கிறது. அந்தப் பாய் என்.பி.ஆர். என்கிற நுரை றப்பர். அதோமுக சுவானாசனத்தில், அதாவது கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் நிலையில், உள்ளங்கையின் அடிப்பக்கம் பாரம் வாங்கும்போது நுரை அந்த இடத்தில் பள்ளம் விழும், விரல்கள் மேலே நிற்கும். மணிக்கட்டு தேவைக்கு மேலே பின்னால் மடங்கிப் போகும். ஒரு தரம் செய்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளில் குறைந்தது நாலில் கைகள்தான் உடம்பைத் தாங்குகின்றன. தினமும் பத்துச் சுற்றுப் போகிறவருக்குக் கொஞ்ச நாளில் மணிக்கட்டின் மேற்புறம் கடுக்கத் தொடங்கும். அவர் ஆசனத்தைக் குறை சொல்லுவார், பாயைச் சொல்ல மாட்டார். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், துவாயை உருட்டி உள்ளங்கையின் அடிக்குக் கீழே கொடுங்கள். விரல்களை அகல விரித்து, சுட்டுவிரலின் அடிமுட்டால் தரையை அழுத்துங்கள். பாரம் மணிக்கட்டை விட்டு முன்னால் போகும்.

விருட்சாசனத்தில் இதே பாய் இன்னொரு விதமாகக் கெடுக்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் மூன்று இடத்தில் தரையைப் பிடிக்க வேண்டும்: பெருவிரலின் அடி, சின்னவிரலின் அடி, குதி. நுரையில் இந்த மூன்றும் மாறி மாறி அமிழும். கணுக்கால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும், பார்வை அலையும், மூச்சு அரைகுறையாக நிற்கும். இந்த ஆசனத்தின் பலனாகச் சொல்லுகிற மன ஒருமை வருவது பார்வையும் மூச்சும் ஓரிடத்தில் நிற்பதால்தான். ஆகவே நேராக நிற்கும் தாடாசனமும் விருட்சாசனமும் வெறும் சீமெந்துத் தரையில் செய்யுங்கள். அதற்கு எந்தப் பாயும் தேவையில்லை.

கடைக்காரர் இரண்டாவதாகக் காட்டுவது 4 முதல் 6 மில்லிமீற்றர் வரையான பாய்கள். இவற்றில் பி.வி.சி. பாய் உழைப்பில் கெட்டி, தரையையும் நன்றாகக் கவ்வும். ஆனால் வியர்வையை உள்ளே இழுக்காது. நம்முடைய புழுக்கத்தில், விசிறி இல்லாத விறாந்தையில், ஐந்தாறு சுற்றுக்குள் உள்ளங்கை ஈரமாகிச் சறுக்கும். கை சறுக்கினால் ஆள் தோளை இறுக்கிப் பிடிப்பார், கைக்கும் காலுக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பார், முதுகு வளையும். பின்தொடையும் முள்ளந்தண்டும் நீளுவதற்காகச் செய்கிற ஆசனம் கழுத்துப் பிடிப்பில் போய் முடியும். டி.பி.ஈ. என்கிற றப்பர் மாதிரியான பிளாஸ்ரிக் பாய் பாரம் குறைவு, மணமும் குறைவு, 6 மில்லிமீற்றரில் முழங்காலுக்கும் ஓரளவு இதம். ஈரத்தில் அதுவும் சறுக்கும்தான். உள்ளங்கை படும் இடத்தில் மெல்லிய பருத்தித் துவாயை லேசாக நனைத்து விரித்தால் பிடிக்கும். காய்ந்த பருத்தி வழுக்கும், நனைந்தது கவ்வும். இது தெரியாமல் காய்ந்த துவாயை விரித்து விழுகிறவர்கள் நிறைய.

இயற்கை றப்பர் பாய்தான் கைப்பிடியில் முதலிடம். 4 அல்லது 5 மில்லிமீற்றர் போதும். பாரம் 2 கிலோவுக்கு மேலே வரும், ஆகவே சைக்கிளில் வகுப்புக்குக் கொண்டு திரிய ஏலாது. லேற்றெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் தொடவே கூடாது. அதன் முதல் எதிரி எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தால் தலைபடும் இடம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு றப்பர் ஊதி உதிரும். எண்ணெய் முழுக்கு நாளில் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

கோடு போட்ட பாய்களில் நடுக்கோடு உபயோகமானது. குறுக்குக் கோடுகள் யாரோ ஒரு உயரத்துக்கு அளந்தவை, அவற்றுக்காகக் காலை நீட்டி இடுப்பைப் பிடிக்க வைக்காதீர்கள். ஏழு சக்கரமும் அச்சடித்த பாய்க்குக் கூடக் காசு கேட்பார்கள். முதல் சக்கரமான மூலாதாரம் பாயில் இல்லை, அச்சு மை உள்ள இடம்தான் முதலில் வழுக்கும்.

இனி பன்பாய், அதாவது பன் புல்லில் பின்னிய பாய். இதைக் கடைக்காரர் யோகாவுக்கென்று காட்ட மாட்டார், கேட்டால் சிரிக்கவும் கூடும். நின்று செய்யும் ஆசனத்துக்கு அது உதவாது: மாபிள் தரையில் பாயோடு சேர்ந்து ஆளும் போவார், கால்விரல் பட்டுப் பட்டுப் பின்னல் பிரியும். ஆனால் சவாசனத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் மேலே சொன்ன எல்லாப் பாயையும் அது வெல்லும். பத்து நிமிடம் மல்லாந்து கிடக்கும்போது பி.வி.சி. முதுகில் ஒட்டி வியர்க்க வைக்கும், அந்த அரிப்பில் மனம் அடங்காது. பன் பின்னலுக்கு நடுவே காற்று ஓடும். கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்துக்கான இருக்கையைத் தருப்பை, தோல், துணி என்று அடுக்கச் சொல்லுகிறது. பன்பாயும் அதன் மேல் மடித்த துணியும் அந்த வழியில்தான் வரும்.

அந்தத் துணியின் உயரம் முக்கியம். மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டை இறுக்கி மடித்து, இரண்டு மூன்று அங்குலம் வரும்படி இருப்பெலும்புக்குக் கீழே வையுங்கள். முழங்கால் இடுப்பை விடப் பதிய வேண்டும். அப்போது இடுப்பெலும்பு முன்னால் சரியும், முதுகு தானாக நிமிரும், உதரவிதானம் தடையில்லாமல் இறங்கும். நாலு எண்ண இழுத்து எட்டு எண்ண விடும் மூச்சு அப்போதுதான் நிற்கும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்புத் தணியும். பிராணன் இடகலை, பிங்கலை என்கிற இரண்டு நாடிகள் வழியே ஓடுகிறது என்று யோக நூல்கள் சொல்லுவதை நம்புகிறவரும் நம்பாதவரும், கூனி இருந்தால் மூச்சு நெஞ்சுக்கு மேலே நின்றுவிடுவதை உணரலாம்.

தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்திலும் மடித்த போர்வைக்குத் தடித்த பாய் ஈடாகாது. போர்வைகளை மடித்து இரண்டங்குலத்துக்குக் குறையாமல் அடுக்கி, தோள் மேலே, தலை கீழே தரையில் வரும்படி படுக்க வேண்டும். நுரைப் பாயில் தோளும் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும், கழுத்து மடங்கிப் பாரம் வாங்கும். உயர் இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கழுத்து எலும்புக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் பாயிலும் இதைச் செய்ய வேண்டாம். முழங்காலில் நின்று பின்னால் வளையும் உஷ்டிராசனத்தில் முழங்கால் நோகிறவர் பாயை இரட்டையாக மடித்தால் போதும்.

கடையில் பிளாஸ்ரிக் உறையைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் வேறு கடை பாருங்கள். பெருவிரலால் அழுத்தும்போது விரல் தரையைத் தொடுவது போல அமிழ்ந்தால் வேண்டாம். விரித்ததும் ஓரம் சுருளாமல் படிய வேண்டும். மூக்கை அடைக்கும் மணம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வழக்கமான நீளம் 173 சென்ரிமீற்றர். ஐந்தடி எட்டுக்கு மேலே உயரமானவர் 183 கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சவாசனத்தில் குதி சீமெந்தில் கிடக்கும்.

கல்லடிக் கடற்கரையில் விரிக்க நினைப்பவருக்கு: காய்ந்த மணல் 10 மில்லிமீற்றர் நுரையை விட மோசம். அலை நனைத்து இறுகிய மணலில் நிற்கலாம், ஆனால் கரை சரிவு. பக்கவாட்டில் நின்றால் ஒரு கால் பதியும், இடுப்பு கோணும், ஆகவே கடலைப் பார்த்து நில்லுங்கள்.

நாங்கள் சொல்லும் சோடி 6 மில்லிமீற்றர் டி.பி.ஈ. பாய் ஒன்றும் பன்பாய் ஒன்றும். தினமும் ஒரு மணித்தியாலம் செய்கிறவர் டி.பி.ஈ.க்குப் பதில் றப்பர் எடுக்கலாம். புதுப்பாயின் வழுக்கல் போக, ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுத் திரவச் சவர்க்காரம் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். ஊறப் போடாதீர்கள். காய்ந்த கச்சான் காற்று வீசும் நாளில் நிழலில் வைத்தாலே சுருக்கென்று காயும், வெயிலில் போட்டால் றப்பர் வெடிக்கும். மாரியில் பன்பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். கொடியில் விரித்தே தொங்க விடுங்கள்.